கொங்குச் சீமையில் சக்குலென்ட்: கத்திரி வெய்யிலையும் ஐப்பசி மழையையும் தாண்டி வளர்க்க, பூக்க வைக்க, காப்பாற்ற, பெருக்க

சக்குலென்ட், அதாவது இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற சதைப்பற்றுச் செடி, பற்றி இணையத்தில் சுற்றும் யோசனைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்குச் சொல்லிக்கொண்டவை. கோடையில் வளரும், பனிக்காலத்தில் தூங்கும், உறைபனிக்கு முன்னால் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள் என்பார்கள். பல்லடத்தில் ஏதுங்க உறைபனி? இங்கே இந்தச் செடிகளைக் கொல்வது இரண்டு விஷயம்தான்: சித்திரை வைகாசியில் சூடே தணியாத ராத்திரி, ஐப்பசி கார்த்திகையில் விட்டு விட்டுப் பெய்கிற மழை. இந்த இரண்டையும் தாண்ட வைத்துவிட்டால் மீதி மாதங்களில் அதுவே பார்த்துக்கொள்ளும். அதனால் இதில் எல்லாவற்றையும் நம் மாதக் கணக்கிலேயே சொல்கிறேன்.

முதலில்: எதை வாங்குவது

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) ஓரமாக நடந்து பாருங்கள். கிளுவை வேலி, அதன் மேல் படர்ந்த பிரண்டை, பாறை இடுக்கில் கள்ளிமுளையான், கரட்டு ஓரம் சதுரக்கள்ளி. இது சதைப்பற்றுச் செடிகளின் சொந்த ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால் தென்மேற்குப் பருவத்தில் நமக்குக் காற்றுதான் அதிகம், மழை கொஞ்சம். அம்மிச்சி வீட்டில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் எடுத்துப் போனால், "கள்ளிக்குப் போயி யாராச்சும் தண்ணி ஊத்துவாங்களா கண்ணு?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் நர்சரியில் கண்ணைப் பறிக்கிற ரோஜா வடிவச் செடி இந்த ஊர்க் கள்ளி இல்லை.

அது எச்செவேரியா. சொந்த ஊர் மெக்சிகோ மலைநாடு. பகலில் நல்ல வெய்யில், ராத்திரியில் நல்ல குளிர் என்று பழகியது. ஊட்டியிலோ காலிம்பாங்கிலோ வளர்த்துக் கொண்டுவந்த செடியைக் கரூரில் மொட்டை மாடியில் வைத்தால் மே மாதம் தாண்டுவது கஷ்டம். கோயமுத்தூரின் மேற்குப் பக்கம், பொள்ளாச்சி, ஆனைமலை அடிவாரம் என்றால் கிழக்கு பார்த்த பால்கனியில் ஓரளவு சமாளிக்கலாம். ஈரோடு, கரூர், நாமக்கல் என்றால் முதல் செடியாக அதை வாங்கவே வேண்டாம் என்பேன். லித்தோப்ஸ், செம்பெர்விவம் இரண்டும் நம் சமவெளிக்கு இன்னும் தூரம்.

நம்பி வாங்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. அடீனியத்துக்கு நம் வெய்யில் சொந்த ஊர் வெய்யில் மாதிரியே. கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியப் பக்கத்துச் செடி அது. யூபோர்பியா, 'ஜேடு' என்ற பெயரில் விற்கிற குட்டி இலை போர்ச்சுலகேரியா, கற்றாழை, ஸ்னேக் பிளான்ட், பத்துமணிப் பூ, கலஞ்சோ, பெரும்பாலான உருண்டைக் கள்ளிகள் எல்லாம் தாங்கும். வெய்யில் குறைவான வீடு என்றால் ஹவொர்த்தியா, காஸ்டீரியா. ரோஜா வடிவம் வேண்டும் என்று ஆசையா? கிராப்டோபெட்டாலம் வாங்குங்கள், சாம்பல் ஊதா நிறத்தில் அதே வடிவம், எச்செவேரியாவை விட நன்றாகவே சூட்டைத் தாங்கும்.

வாங்கும்போது இலை இடுக்கைப் பிரித்துப் பாருங்கள், பஞ்சு மாதிரி வெள்ளை இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். தண்டின் அடியை விரலால் அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். கலர் கல்லைப் பசை போட்டு ஒட்டிய தொட்டி, பெயின்ட் அடித்த கள்ளி இதெல்லாம் வேண்டாம். சிவப்பு, மஞ்சள் உருண்டை தலையில் உட்கார்ந்திருக்கும் மூன் கேக்டஸ் ஒட்டுச் செடி. மேலே இருக்கிற உருண்டையில் பச்சையமே கிடையாது, கீழே இருக்கிற டிராகன் ஃபுரூட் வகைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. ரொம்ப வருஷம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மண் கலவை: இதில்தான் பாதி உயிர்

நர்சரிப் பையில் வருவது பெரும்பாலும் கோகோபீட். அது காய்ந்தால் தண்ணீரே உறிஞ்சாது, நனைந்தால் காயவே காயாது. வாங்கி ஒன்றிரண்டு வாரத்தில், ஐப்பசி மழைக்கு முன்னால் கண்டிப்பாக, அதை உதறி எடுத்துவிட்டு மாற்றி நடுங்கள்.

கலவைக்கு எல்லாமே பக்கத்தில் கிடைக்கும். செம்மண் ஒரு பங்கு, பொடி ஜல்லி (சிப்ஸ் என்று கேட்டால் தருவார்கள், 6 மில்லிமீட்டருக்குள் சலித்தது) ஒன்றரைப் பங்கு, கழுவிய மணல் அரைப் பங்கு, தேங்காய்த் தொட்டிக்கரி நுணுக்கியது அரைப் பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ அரைப் பங்கு, ஒரு தொட்டிக்கு ஒரு ஸ்பூன் வேப்பம் புண்ணாக்கு. எம்-சாண்ட் போடுவதானால் அதில் இருக்கும் மாவை வாளியில் அலசி ஊற்றிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் கலவை இறுகி சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடும். கரிசல் மண் மட்டும் வேண்டவே வேண்டாம். பருத்திக்கு வரம், இதுக்கு எமன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவு சேர்க்கிறவர்கள் அதை நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசிய பிறகு, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேருங்கள். அலசாததில் உப்பு இருக்கும்.

சோதனை ரொம்ப எளிது. தொட்டி நிறையக் கலவை போட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடியில் கீழே வழிய வேண்டும். மேலே குளமாக நின்றால் இன்னும் ஜல்லி சேருங்கள்.

தொட்டியின் ஓட்டை மேல் ஒரு ஓட்டுச் சில்லு போதும். அடியில் கனமாகக் கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது, அந்த எல்லையிலேயே தேங்கி நிற்கும், ஈரப் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். கல்லைக் கலவைக்குள்ளேயே கலந்துவிடுங்கள். மண் தொட்டி மழைக்காலத்துக்கு நல்லது, சுவர் வழியாகவும் ஈரம் போகும். பெரிய தொட்டி வேண்டாம், செடியின் அகலத்தை விட இரண்டு விரல்கடை கூட இருந்தால் போதும்.

தண்ணீர்: எப்போது, எந்தத் தண்ணீர்

பெரும்பாலான சக்குலென்ட்கள் இலைத் துளைகளைப் பகலில் மூடி வைத்து ராத்திரியில் திறந்து காற்றை வாங்குகின்றன. பகல் வெய்யிலில் ஈரம் போகாமல் இருக்க அதன் ஏற்பாடு அது. அதனால் சாயங்காலம் தொட்டி ஆறிய பிறகோ, விடியற்காலையிலோ ஊற்றுங்கள். உச்சி வெய்யிலில் கொதிக்கிற தொட்டியில் ஊற்றினால் வேர் வெந்துபோகும்.

"வாரத்துக்கு எத்தனை தடவை" என்று கேட்காதீர்கள், ஈர்க்கைக் கேளுங்கள். தென்னை ஈர்க்குக் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை குத்தி, ஐந்து நிமிஷம் விட்டு, உருவிப் பாருங்கள். நுனியில் மண் ஒட்டிக் கருத்து வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, விட்டுவிடுங்கள். சுத்தமாகக் காய்ந்து வந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுத்து, ஊற்றும்போது ஓட்டை வழியாக வழியும் வரை தாராளமாக ஊற்றுங்கள். தினமும் ஸ்பூன் ஸ்பூனாகத் தெளிப்பதுதான் கெடுதல். இலையும் பேசும்: அடி இலை சுருங்கித் துவண்டால் தாகம்; மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிந்து, தொட்டால் கழன்று விழுந்தால் தண்ணீர் அதிகம்.

மாசி பங்குனியில் செடி வளரும், தாராளமாகக் கொடுக்கலாம். கத்திரியில் அடீனியம் நிறையக் குடிக்கும், எச்செவேரியா வகை கிட்டத்தட்ட நின்றுவிடும், அதற்குக் கொஞ்சமாக, சாயங்காலம் மட்டும். ஆனி ஆடியில் ஒரு ஏமாற்று இருக்கிறது: மேகம் மூடி குளுகுளுவென்று இருப்பதால் தொட்டி ஈரமாக இருக்கும் என்று நினைப்போம், ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காத்து சின்னத் தொட்டியை இரண்டே நாளில் காய வைத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள். இடமில்லை என்றால் மேலே பாலிதீன் பந்தல், பக்கவாட்டில் காற்று போக வேண்டும். மார்கழியில் அடீனியம் இலை உதிர்த்தால் பயப்படாதீர்கள், தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள்.

அப்புறம், எந்தத் தண்ணீர் என்பது. நம் வீடுகளில் நல்ல தண்ணி ஒரு குழாய், உப்புத் தண்ணி ஒரு குழாய். சிறுவாணித் தண்ணீரோ பில்லூர்த் தண்ணீரோ வந்தால் அதுவே போதும். போர் தண்ணீர் மட்டும் ஊற்றினால் தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் படிவம் கட்டும், நாளாக ஆக இலை நுனி கருகும். வேறு வழியில்லாதவர்கள் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, மாதத்துக்கு ஒரு தடவை தொட்டியை நன்றாக அலசுகிற மாதிரி ஊற்றி உப்பை வெளியே தள்ளுங்கள்.

வெய்யிலின் திசை

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் முக்கியம். நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகை. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 23 வாக்கிலும் நடுப்பகல் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிப் பொழுதில் அது நமக்கு வடக்கே இருக்கும். "வடக்கு பார்த்த பால்கனி, வெய்யிலே வராது" என்று தை மாதம் முடிவு பண்ணி ஹவொர்த்தியாவை அடுக்கி வைத்தால், வைகாசியில் அங்கேயே பொரிந்துபோகும். அதே போலத் தெற்குப் பக்கம் கார்த்திகை முதல் மாசி வரை நல்ல வெய்யில், பிறகு குறையும். வருஷத்துக்கு இரண்டு தடவை தொட்டிகளை இடம் மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி பாதியிலிருந்து ஆனி வரை 50 சதவீத நிழல்வலை கட்டினால் அடீனியம், பெரிய கள்ளி தவிர மற்றதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெய்யிலுக்கு மாற்றினால் இலையில் பழுப்புத் திட்டு விழும், அது ஆறாது. காலை வெய்யில் ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். இலைக்கு இலை இடைவெளி விட்டு கழுத்து நீண்டால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். நீண்ட கழுத்து திரும்பச் சுருங்காது, வெட்டித்தான் நட வேண்டும்.

பூக்க வைக்க

ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி. அடீனியத்துக்கு வெய்யில், குறைந்தது ஆறு மணி நேரம். மாசியில் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு விட்டு வெட்டுங்கள், வெட்டிய ஒவ்வொரு நுனியிலும் இரண்டு மூன்று கிளை வரும், பூ கிளை நுனியில்தான் என்பதால் பூவும் அத்தனை மடங்கு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதன் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவினார்கள். ஒட்டுச் செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே வருகிற துளிரைக் கிள்ளிவிடுங்கள். புதுத் துளிர் வந்த பிறகு, உரக்கடையில் சொட்டுநீருக்கு விற்கும் 13-0-45 (சாம்பல் சத்து அதிகமான உரம்), லிட்டருக்கு ஒரு கிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. தழைச்சத்து அதிகமாகக் கொடுத்தால் இலைதான் வரும்.

கலஞ்சோவின் சாவி இருட்டு. பகல் சுருங்கி ராத்திரி நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். நம் ஊரில் கார்த்திகை மார்கழியில் இயல்பாகவே அது நடந்து தை மாசியில் பூக்க வேண்டும். பூக்கவில்லை என்றால் தெருவிளக்கோ, பால்கனி லைட்டோ ராத்திரியில் அதன் மேல் விழுகிறதா பாருங்கள். விழுந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி காலை எட்டு மணிக்கு எடுங்கள், ஆறு வாரம். பூத்து முடிந்ததும் காம்பை வெட்டிவிட்டால் அடுத்த வருஷமும் இருக்கும். பலரும் பூ வாடியதும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், பாவம்.

உருண்டைக் கள்ளிகள் பூக்க மார்கழி, தை இரண்டு மாதம் பட்டினி போடுங்கள், கிட்டத்தட்டத் தண்ணீரே இல்லாமல். மாசிக் கடைசியில் திரும்ப ஊற்ற ஆரம்பித்தால் மொட்டு வரும். மம்மிலேரியா சின்ன வயசிலேயே பூக்கும், சில வகைக்கு வருஷக்கணக்கில் ஆகும், அதை அவசரப்படுத்த முடியாது. கற்றாழை பூக்க வயசும் நேரடி வெய்யிலும் வேண்டும், வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் வைத்தால் பூக்காது. ஆனைக்கற்றாழை பல வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை பெரிய கம்பம் விட்டுப் பூத்துவிட்டுச் செத்துப்போகும். நோய் இல்லை, அதன் சுபாவம். பக்கத்தில் குட்டிகளை விட்டுவிட்டுத்தான் போகும்.

காப்பாற்ற

அழுகல்தான் முதல் எதிரி. ஐப்பசியில் வாரம் ஒரு தடவை அடீனியத்தின் அடிக்கிழங்கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். ஓர் இடம் மெத்தென்று உள்ளே போனால் அன்றைக்கே வேலையை ஆரம்பியுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

1. தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதறி, வேரைக் கழுவுங்கள்.
2. கத்தியை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகிய சதையைச் சீவுங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடையுங்கள்.
3. வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஓரத்திலோ நடுவிலோ பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் இன்னும் வெட்ட வேண்டும். முழுக்க ஒரே வெளிர் நிறம் வரும் வரை நிறுத்தக் கூடாது. மனசு வராது, வெட்டுங்கள்.
4. காப்பர் ஆக்ஸிகுளோரைடு பொடியோ, கரித்தூளோ பூசி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். சின்ன எச்செவேரியாத் தண்டுக்கு மூன்று நாள் போதும், பெரிய அடீனியக் கிழங்குக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வெட்டுமுகம் தோல் மாதிரி காய்ந்திருக்க வேண்டும்.
5. காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துக் கொஞ்சமாகத் தண்ணீர்.

அடுத்தது மாவுப்பூச்சி. இதை நம் பக்கத்தில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2008-ல் கோயமுத்தூரில்தான் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகத் தெரியவந்தது, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெள்ளாமையையே ஒரு கை பார்த்தது; 2010-ல் அதற்கான ஒட்டுண்ணிக் குளவியை போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. தொட்டிச் செடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் சில சொட்டு கலந்து சாயங்காலம் தெளியுங்கள், வெய்யிலில் தெளித்தால் இலை கருகும். வாரம் ஒரு தடவை, மூன்று நான்கு வாரம். எறும்பு ஊர்கிறதா பாருங்கள். இனிப்புக் கழிவுக்காக மாவுப்பூச்சியைப் பாதுகாப்பதே எறும்புதான், அதை விரட்டாமல் பூச்சி போகாது. காரணம் தெரியாமல் செடி வாடினால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், அங்கேயும் இருக்கும்.

எச்செவேரியா, கிராப்டோபெட்டாலம் இலை மேல் விபூதி பூசினாற்போல இருக்கிற பொடி மட்டும் பூச்சியோ நோயோ இல்லை, செடி தனக்குப் போட்டுக்கொண்ட வெய்யில் காப்பு. துடைக்காதீர்கள்.

பெருக்க

காலம் ஆனி ஆடி, இல்லை தை மாசி. கத்திரியில் இலை காய்ந்துபோகும், ஐப்பசியில் அழுகும்.

இலையிலிருந்து: கிராப்டோபெட்டாலம், எச்செவேரியா, சீடம். இலையைப் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினால் 'டக்' என்று அடியோடு வரும். தண்டில் ஒட்டுகிற அந்த நுனி முழுசாக இருக்க வேண்டும், பாதியில் கிழிந்தால் வீண். இரண்டு மூன்று நாள் நிழலில் காய வைத்து, கலவை மேல் படுக்க வையுங்கள், புதைக்காதீர்கள். இளஞ்சிவப்பு நூல் மாதிரி வேர் எட்டிப் பார்த்ததும் லேசாகத் தண்ணீர் தெளிக்க ஆரம்பியுங்கள். தாய் இலை தானாகச் சுருங்கி உதிரும் வரை பிய்க்க வேண்டாம்.

போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட: போர்ச்சுலகேரியா, யூபோர்பியா, பிரண்டை எல்லாம் கிளுவைப் போத்து ஊன்றுவதைப் போலத்தான், ஒரு வித்தியாசம், வெட்டியதும் நடாமல் காய வைக்க வேண்டும். யூபோர்பியா, சதுரக்கள்ளி வகைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெட்டுமுகத்தைத் தண்ணீரில் காட்டிப் பால் வடிவதை நிறுத்திவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் மற்ற வேலை. பட்டால் நிறையத் தண்ணீரில் அலசிவிட்டு நேராகக் கண் டாக்டரிடம் போங்கள். கற்றாழை, ஹவொர்த்தியாவுக்குக் குட்டியைப் பிரித்து வைப்பது சுலபம், குட்டிக்குச் சொந்த வேர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மஞ்சள் ஓரம் போட்ட ஸ்னேக் பிளான்ட்டை இலைத்துண்டிலிருந்து வளர்த்தால் மஞ்சள் ஓரம் வராது, வெறும் பச்சையாகத்தான் வரும். ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரியுங்கள்.

அடீனியம் குச்சியிலும் வரும், ஆனால் குண்டான அடிக்கிழங்கு வேண்டுமென்றால் விதைதான். காய் இரட்டைக் கொம்பு மாதிரி நிற்கும். முற்றி வெளிர ஆரம்பித்ததும் நூலால் இரண்டு மூன்று இடத்தில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் மத்தியானம் வெடித்து, இரண்டு முனையிலும் பஞ்சு வைத்த விதையெல்லாம் பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்துவிடும். பறித்த கையோடு, பங்குனி சித்திரைச் சூட்டில், மணல் அதிகமான கலவையில் படுக்க வைத்து லேசாக மூடுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். நான்கைந்து இலை வந்ததும் தனித்தனியாக நட்டு, முதல் ஐப்பசியை மட்டும் மழை படாமல் காப்பாற்றுங்கள். அடுத்த மாசியில் எடுத்து, கிழங்கில் இரண்டு விரல்கடை மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி தூக்கி நடுங்கள், வெளியே வந்த பகுதியில் இருக்கும் பொடி வேர்களைக் கத்தரித்து விடுங்கள். ஒவ்வொரு மாற்றி நடவிலும் இதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போகலாம்.